யூதப் பிள்ளைகளும் சாரணர் இயக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் பதினொரு வருடம் ஒரு சாரணர் படையில் உதவித் தலைவராக இருந்தேன். எங்கள் மாவட்டத்தில் ஒரு யூதப் படையும் உண்டு. கோடை முகாம் என்றால் அவர்கள் கூடாரமும் எங்கள் கூடாரமும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துத் திடலில்தான் இருக்கும். அங்கே பார்த்ததையும், பார்த்த பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்ததையும் ஊருக்கு வரும்போதெல்லாம் சாரண ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களிடம் சொல்வேன். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வந்தன. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலையும் சேர்த்துவிட்டேன்.

சாரணர் இயக்கம் எல்லா மதத்துக்கும் பொதுதானே? யூதர்களுக்கு மட்டும் தனிப் படை எதுக்கு?

பொதுதான். எத்தனையோ யூதப் பிள்ளைகள் சாதாரணப் படைகளில்தான் இருக்கிறார்கள். தனிப் படைகள் வந்ததற்கு முதல் காரணம் நாட்காட்டியும் சமையலும். சாரணர் முகாம் வழக்கமாக வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு முடியும். யூதர்களின் ஓய்வு நாளான ஷப்பாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கிச் சனிக்கிழமை இரவு முடிகிறது. அந்த நேரத்தில் நெருப்பு மூட்டக் கூடாது, வண்டி ஏறக் கூடாது, சமைக்கக் கூடாது. முகாமில் பன்றி இறைச்சி வறுபடும் சட்டியில் அந்தப் பையன் முட்டை பொரித்துச் சாப்பிட முடியாது. போதாததற்கு, பிரிட்டனில் பல படைகள் தேவாலயங்களோடு இணைந்தவை. ஞாயிறு அணிவகுப்பு தேவாலயத்துக்குள் போய்த்தான் முடியும்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதக் குடும்பங்கள் லண்டனின் கிழக்குப் பகுதியிலும் நியூயார்க்கிலும் பாரிஸிலும் ஒண்டுக் குடித்தனத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. அப்பா அம்மா பேசியது இட்டிஷ், பிள்ளைகள் பள்ளியில் பேசியது வேறு மொழி. சாரணர் சீருடை போட்டுக்கொண்டால் அந்தப் பையன் அந்த நாட்டுப் பிள்ளைகளில் ஒருவன். படை யூதப் படையாக இருந்ததால் அதற்காக அவன் வீட்டு வழக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 'இதுவா அதுவா' என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையைக் கேட்காமல் இருந்ததே பெரிய உபகாரம்.

யூதச் சாரணர்னா இஸ்ரேல் சாரணர்தானே?

இல்லை. இஸ்ரேல் சாரணர் ஒரு பிரிவு, அவ்வளவுதான். பிரான்சில் 1923இல் தொடங்கிய யூதச் சாரணர் அமைப்பு இன்றும் அந்நாட்டுச் சாரணர் கூட்டமைப்பின் ஓர் அங்கம். அமெரிக்காவில் தனி அமைப்பு கிடையாது. அங்கே ஒரு படையைப் பள்ளியோ தேவாலயமோ யூதத் தொழுகைக்கூடமோ பொறுப்பேற்று நடத்தலாம். அப்படித் தொழுகைக்கூடங்களும் யூத சமூக மையங்களும் நடத்தும் படைகளுக்கு வழிகாட்ட 1926 முதல் ஒரு யூதக் குழு இருக்கிறது. பிரிட்டனிலும் கிட்டத்தட்ட அதே மாதிரி.

இஸ்ரேலில் இருப்பது 'ட்சோஃபிம்'. எபிரேயத்தில் சாரணர் என்றே பொருள். 1919இல் தொடங்கியது. அந்நாட்டுக் கூட்டமைப்பில் அரபு, துரூஸ், கிறிஸ்தவச் சாரணர் அமைப்புகளும் சேர்ந்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கின பேடன் பவலுக்கு முன்னாடியே யூதர்களிடம் இப்படி ஒண்ணு இருந்ததாமே?

இருந்தது, ஆனால் அது சாரணர் இல்லை. 1895இல் கர்னல் ஆல்பர்ட் கோல்ட்ஸ்மிட் லண்டனில் யூதச் சிறுவர் படையணி ஒன்றைத் தொடங்கினார். அணிவகுப்பு, ஒழுங்கு, கோடையில் வெளியூர் முகாம் என்று அது ராணுவ பாணியில் நடந்தது. குடியேறிகளின் பிள்ளைகளை அந்த நாட்டுக்குப் பழக்குவதே நோக்கம். அந்த அமைப்பு பெயரில் சிறுமிகளையும் சேர்த்துக்கொண்டு இன்றும் நடக்கிறது.

இதே காலத்தில், 1898இல் பாசெல் நகரத்தில் நடந்த சியோனிச (யூதர்களுக்குத் தாயகம் வேண்டும் என்ற இயக்கத்தின்) மாநாட்டில் மாக்ஸ் நோர்டாவ் 'உடல் வலிமையுள்ள யூதம்' வேண்டும் என்று பேசினார். புத்தகத்தின் முன் குனிந்தே இருக்கும் யூதப் பிள்ளை நிமிர்ந்து நடக்க வேண்டும், ஓட வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் ஏக்கம். 1907இல் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சோதனை முகாம் நடத்தியபோது, அந்த ஏக்கத்துக்கு ஒரு பாடத்திட்டமே கிடைத்த மாதிரி ஆயிற்று.

பிரான்சில் தொடங்கினது ஒரு பள்ளிக்கூடப் பையன்னு சொன்னீங்களே, நிஜமா?

நிஜம்தான். ரொபேர் காம்சோனுக்கு 1923இல் வயது 17. அவருடைய தாத்தா ஆல்பிரெட் லெவி பிரான்சின் தலைமை ரபியாக, அதாவது தலைமை யூத மதகுருவாக இருந்தவர். பேரனோ பாரிஸில் நாலு பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு படை தொடங்கினார். எழுத்தாளர் எட்மோன் ஃப்ளெக் பின்னால் இயக்கத்தின் தலைவராகி அதற்கு ஒரு சிந்தனைப் பின்புலம் கொடுத்தார். பிரெஞ்சுச் சாரணர்களிடையே ஆளுக்கொரு விலங்குப் பெயர் சூட்டும் வழக்கம் உண்டு. காம்சோனுக்குக் கிடைத்த பெயர் 'கவலைப்படும் நீர்நாய்'. அணைகட்டும் நீர்நாயைத்தான் சொல்கிறேன், பீவர். பின்னால் பொறியாளராகி, போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் உயிருக்குப் பொறுப்பேற்ற மனிதருக்கு அந்தப் பெயர் அத்தனை பொருத்தம்.

சாரணர் உறுதிமொழியில் கடவுள் வருகிறதே, எந்தக் கடவுள்?

எந்தக் கடவுள் என்று உறுதிமொழி சொல்லவில்லை. யூதப் பிள்ளை தன் கடவுளை நினைத்துச் சொல்கிறான். அமெரிக்கச் சாரணர் சட்டத்தின் பன்னிரண்டாவது விதி, சாரணன் இறைபக்தி உள்ளவன் என்பது. பிறர் நம்பிக்கையை மதிப்பதும் அதன் பகுதி. அதனால் யூதப் பெற்றோருக்கு இதில் பெரிய தயக்கம் இருந்ததில்லை.

அமெரிக்காவில் ஒவ்வொரு மதமும் தன் பிள்ளைகளுக்கு ஒரு சமயச் சின்னம் வழங்கலாம். யூதச் சாரணர்களுக்கு உரியது 'நேர் தமீத்'. தொழுகைக்கூடத்தில் யூத வேதமான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழைக்கு முன்னால் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் பெயர் அது, நம் மொழியில் அணையா விளக்கு. ஒரு ரபியிடமோ ஆசிரியரிடமோ மாதக்கணக்கில் படித்து, தொழுகையிலும் சமூகப் பணியிலும் ஈடுபட்டால்தான் கிடைக்கும். யூதச் சிறுவனுக்கு 13 வயதில் பார் மிட்ஸ்வா, அதாவது சமயக் கடமைகளுக்கு அவனே பொறுப்பேற்கும் சடங்கு. அது முடிந்ததும் சமயப் படிப்பை மூட்டைகட்டி வைத்துவிடும் பிள்ளைகள் அதிகம். அந்த வயதில் படிப்பைத் தொடர வைக்கிற கொக்கி இந்தச் சின்னம் என்று ஒரு யூதப் படைத் தலைவர் என்னிடம் சொன்னார்.

நெருப்பு மூட்டாமல், சமைக்காமல் சனிக்கிழமை முழுக்க முகாமில் என்னதான் செய்வார்கள்?

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் பிள்ளைகள் ஆடி அசைந்து கூடாரம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கத்துத் திடலில் பரபரப்பு. சூரியன் மறைவதற்குள் எல்லாக் கூடாரமும் எழுந்தாக வேண்டும், ஏனென்றால் ஷப்பாத்தில் கூடாரம் எழுப்பக் கூடாது. விறகு வெட்டி, தண்ணீர் நிரப்பி, இரவு வெளிச்சத்துக்கான விளக்குகளை முன்கூட்டியே போட்டுத் தொங்கவிடுவார்கள். பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி போட்ட சோலண்ட் என்கிற கூட்டு அப்போதே முக்கால் பதம் வெந்து, மூடிய கணப்பின் மேல் ஏறியிருக்கும். இரவெல்லாம் மெதுவாக வெந்து மறுநாள் மதியம் சூடாகத் தட்டுக்கு வரும். அந்த வாசனை எங்கள் பக்கம் வந்து எங்கள் பிள்ளைகளைப் படுத்தின பாடு இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொரு வேலையைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். ஷப்பாத்தில் பொது இடத்தில் பொருளைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. திடலைச் சுற்றி ஓர் எல்லை கட்டிவிட்டால் உள்ளே எடுத்துப்போகலாம். அந்த எல்லைக்கு ஈருவ் என்று பெயர். இரண்டு கம்பம் நட்டு, உச்சியில் ஒரு கயிறு போனால் அது ஒரு வாசல். இப்படி வாசல் வாசலாகத் திடலைச் சுற்றி வந்தால் சுவர் எழுப்பிய கணக்கு. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி மூங்கில் கம்பத்தின் உச்சிக்கு மேலேயே கயிறு போகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். கயிறு பக்கவாட்டில் கட்டியிருந்தால் செல்லாதாம். ஓர் இடத்தில் நழுவியிருந்தது. அணித் தலைவனைக் கூப்பிட்டு அவிழ்த்து மறுபடி கட்ட வைத்த பிறகுதான் நகர்ந்தாள். கம்பும் கயிறும் வைத்துக் கட்டிப் பழகும் பயனியரிங் பாடத்தில் நாம் மதிப்பெண்ணுக்குக் கட்டும் கட்டு அங்கே ஒரு நாள் வாழ்க்கைக்கு வேலியாக நின்றது.

சனிக்கிழமை தொழுகை, பாட்டு, கதை, விளையாட்டு, நல்ல தூக்கம். வாத்தியம் கிடையாது, வாய்ப்பாட்டுத்தான். நடைப்பயணம் உண்டு, ஆனால் எல்லையைத் தாண்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள். எழுதக் கூடாது என்பதால் விளையாட்டுப் புள்ளிகளை மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் வருகிற சண்டை தனி. வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஷப்பாத் முடிந்தது. இங்கிலாந்தில் ஜூன் மாதம் அதற்கு இரவு பத்தரை ஆகிவிடும். குட்டிகள் மல்லாந்து படுத்து நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஹவ்தலா: பின்னல் போலப் பல திரி முறுக்கிய மெழுகுவத்தி, கிராம்பும் பட்டையும் வைத்த டப்பா, ஒரு கிண்ணம் திராட்சை ரசம். டப்பாவைக் கைமாற்றி முகர்ந்து பார்ப்பார்கள். வத்தியை ரசத்தில் அணைத்ததும் ஓட்டமாக ஓடிப் பாசறைத் தீ மூட்டுவார்கள். ஒரு நாள் முழுக்க நெருப்பைத் தொடாமல் இருந்துவிட்டு மூட்டுகிற தீ அது.

ஷப்பாத்தில் முடிச்சுப் போடவே கூடாதாமே? அப்புறம் என்ன சாரணர்?

நிலையான முடிச்சுதான் கூடாது. அன்றைக்கே அவிழ்க்கப்போகும் ஷூ நாடா முடிச்சுக்குத் தடையில்லை. கழுத்துப்பட்டியைச் சேர்த்துப் பிடிக்க 'வாகில்' என்ற வளையம் இருக்கிறது, முடிச்சே வேண்டாம். முடிச்சுப் பாடம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும்.

அன்றைக்கு ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தால் என்ன செய்வார்கள்?

உடனே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போவார்கள். உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஷப்பாத் விதிகள் விலகி நிற்க வேண்டும் என்பது யூத சமயச் சட்டமே. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் அங்கே குற்றம். முதலுதவிப் பெட்டி எல்லாப் படையையும் போலத் திறந்தே இருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரக் கூடாது, பாத்திரமும் தனித்தனி. பல முகாம்களில் சிவப்பு அடையாளம் இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. பாத்திரம் கழுவும் தொட்டியும் இரண்டு. மீனில் செதிலும் துடுப்பும் உள்ளவை மட்டும் சேரும்; இறால், நண்டு கிடையாது. கீரையில் பூச்சி இருக்கிறதா என்று நம் பாட்டிகளை மிஞ்சும் அளவுக்குப் பார்ப்பார்கள். எளிய வழி, முகாம் முழுக்கச் சைவம். பல படைகள் அப்படித்தான் செய்கின்றன.

பாசறைத் தீயில் சுட்டுத் தின்னும் மார்ஷ்மெல்லோவில் ஒரு சிக்கல் உண்டு. அதில் இருக்கும் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. மீன் ஜெலட்டினில் செய்த கோஷர் மார்ஷ்மெல்லோ, அதாவது யூத உணவு விதிக்கு ஒத்தது, கடையில் கிடைக்கும். ஒரு பொட்டலம் வாங்கி வைத்தால் தீயைச் சுற்றி எல்லாரும் ஒன்றையே தின்னலாம்.

ஒரு வீட்டில் எல்லா ஆசாரமும் உண்டு, இன்னொரு வீட்டில் ஒன்றுமே கிடையாது. ஒரே படையில் எப்படி ஒத்துப்போகும்?

பிரெஞ்சு யூதச் சாரணர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் அதைப் 'பொதுக் குறைந்தபட்சம்' என்கிறார்கள். முகாமில் எல்லாருக்கும் கோஷர் சாப்பாடு, எல்லாரும் ஷப்பாத்தை மதிக்க வேண்டும். அதற்குமேல் யார் எவ்வளவு தொழுகிறார்கள், என்ன நம்புகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆசாரமான வீட்டுப் பிள்ளை தடையில்லாமல் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. நம்பிக்கையில்லாத வீட்டுப் பிள்ளையும் அந்நியமாக உணர்வதில்லை. பிரான்சில் பல தலைமுறையாக இருந்த வசதியான குடும்பங்களின் பிள்ளையும், நேற்று போலந்திலிருந்து வந்த தையற்காரர் மகனும் ஒரே அணியில் இருந்தார்கள். பெரியவர்களின் சங்கங்களில் அது அத்தனை எளிதாக நடக்கவில்லை.

மிகக் கடுமையான ஆசாரம் பார்க்கும் ஹரேதி சமூகங்கள் பெரும்பாலும் சாரணர் பக்கமே வருவதில்லை. அவர்களுக்குச் சொந்தமாக வேறு சிறுவர் அமைப்புகள் இருக்கின்றன.

பெண் பிள்ளைகள்?

ட்சோஃபிம் தொடக்கத்திலிருந்தே சிறுவர் சிறுமியரை ஒன்றாகச் சேர்த்தது. உலகச் சாரணர் வரலாற்றில் அது முன்னோடி. ஆண் பெண் தனித்தனியாக இருக்க விரும்பும் சமயப் பற்றுள்ள குடும்பங்களுக்காக அதற்குள் ஒரு தனிப் பிரிவும் உண்டு. பிரெஞ்சு அமைப்பின் இன்றைய பெயரிலேயே சாரணியர் முதலில் வருகிறார்கள், சாரணர் அடுத்து. அமெரிக்காவில் சாரணியர் தனி அமைப்பு. அங்கே யூதச் சிறுமிகளுக்கு 'மெனோரா', 'பாட் ஓர்' என்ற சின்னங்கள் உண்டு. பாட் ஓர் என்றால் ஒளியின் மகள்.

போர்க்காலத்தில் சாரணர்கள் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள் என்பது கதையா, நடந்ததா?

நடந்தது. 1939 டிசம்பரில், தென்மேற்கு பிரான்சில் தார்ன் ஆற்றங்கரையில் உள்ள முவாசாக் என்ற சிற்றூரில் யூதச் சாரணர்கள் குழந்தைகளுக்காக ஒரு வீடு திறந்தார்கள். நடத்தியவர்கள் ஷட்டா சிமோன், பூலி சிமோன் என்ற தம்பதி. பெற்றோரைப் பிரிந்தவர்கள், தடுப்பு முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள், ஜெர்மனியிலிருந்து ஓடிவந்தவர்கள் என்று ஏறத்தாழ 500 பிள்ளைகள் அந்த வீட்டுக்கு வந்து போனார்கள். வீடு சாரணர் முறைப்படி நடந்தது. அணிகள், அணித் தலைவர்கள், பெரியவன் சின்னவனைப் பார்த்துக்கொள்வது. தச்சு, புத்தகம் பைண்டு செய்வது என்று தொழிற்பட்டறைகள், ஒரு சேர்ந்திசைக் குழு. சோதனை வருகிறது என்று ஊரில் யாராவது காதில் போட்டால், மூட்டை முடிச்சோடு பிள்ளைகளைக் காட்டுப் பக்கம் 'முகாமுக்கு' அனுப்பிவிடுவார்கள். காவலர்கள் வரும்போது வீடு காலியாக இருக்கும். எதையும் கேட்காமல் அரை மணியில் மூட்டை கட்டவும், இருட்டில் சத்தமில்லாமல் வரிசையில் நடக்கவும் அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கம்தான் உயிர் காத்தது.

1942 கோடையில் பெரும் கைது வேட்டை தொடங்கியதும் 'ஆறாவது' என்ற மறைவு வலை உருவாயிற்று. ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசு யூதர்களைக் கண்காணிக்க உருவாக்கிய அமைப்பில் இளைஞர் துறையின் ஆறாவது பிரிவு என்று கணக்கில் இருந்ததால் அந்தப் பெயர். இருபது வயது கூட நிரம்பாத சாரணர்களும் சாரணியரும் போலி அடையாள அட்டையும் ரேஷன் அட்டையும் தயாரித்தார்கள். பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் சொல்லிக்கொடுத்து விவசாயி வீடுகளிலும் கன்னிமாடங்களிலும் விடுதிப் பள்ளிகளிலும் விட்டார்கள். விட்டதோடு நிறுத்தவில்லை. பணம் கொடுக்கவும், பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் திரும்பத் திரும்ப ரயிலேறிப் போனார்கள். வேறு சிலர் பிள்ளைகளை சுவிட்சர்லாந்து எல்லைக்கும் ஸ்பெயின் மலைகளுக்கும் கூட்டிப்போனார்கள்.

அப்படியென்றால் எல்லாரும் தப்பித்தார்களா? அரசாங்கம் தடை செய்யவில்லையா?

தடை வந்தது. 1943 தொடக்கத்தில் அமைப்பு முற்றிலுமாகக் கலைக்கப்பட்டது; ஆனால் மேலே சொன்ன மறைவு வேலை அதற்குள் வேகம் பிடித்திருந்தது. விலையும் பெரியது. இயக்கத்தின் பொதுச் செயலர் மார்க் அகெனோ 1944 பிப்ரவரியில் கிரெனோபிளில் கைதாகி உயிரிழந்தார். முவாசாக்கில் சாரணர்களோடு பணியாற்றிய மரியான் கோன், 1944 மே 31 அன்று முப்பதுக்கு அருகே பிள்ளைகளை சுவிஸ் எல்லைக்கு அழைத்துப்போகும் வழியில் பிடிபட்டார். அவரைச் சிறையிலிருந்து தப்புவிக்க வழி வந்தது. தான் போய்விட்டால் பிள்ளைகளை என்ன செய்வார்களோ என்று மறுத்துவிட்டார். ஜூலையில் கொல்லப்பட்டார், வயது 21. அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இதை எழுதும்போது என் படையில் இருந்த அதே வயது இளம் தலைவர்களின் முகம்தான் எனக்கு வருகிறது.

காம்சோன் லோத்ரெக் என்ற ஊரில் வேளாண் பண்ணை நடத்திக்கொண்டிருந்தார். பண்ணைப் பையன்கள் பிறகு மலையேறி ஆயுதக் குழுவானார்கள். குழுவுக்கு அகெனோவின் பெயர். 1944 ஆகஸ்டில் மசாமே அருகே ஜெர்மன் ரயில் ஒன்றை மடக்கினார்கள், காஸ்த்ர் நகர விடுதலையிலும் பங்கேற்றார்கள். போர் முடிந்ததும் 1946இல் காம்சோன் ஓர்சே என்ற ஊரில் ஒரு பள்ளி திறந்தார். அந்த மலைப் போரில் இறந்த இளைஞர் ஜில்பேர் பிளோக்கின் பெயரை அதற்கு வைத்தார். அழிந்துபோன சமூகத்துக்கு ஆசிரியர்களும் தலைவர்களும் வேண்டுமே, அதற்கான பள்ளி அது.

ஹஷோமர் ஹட்ஸாயிர், ப்னே அகீவா என்றெல்லாம் சொல்கிறார்களே, அவையும் சாரணரா?

சாரணரிடமிருந்து கற்றவை, ஆனால் சாரணர் இல்லை. ஹஷோமர் ஹட்ஸாயிர் 1913இல் கலீசியாவில் (இன்றைய போலந்து, உக்ரைன் பகுதி) வேர்விட்டது. சாரணர் முறையோடு, காடுமேடு சுற்றும் ஜெர்மன் இளைஞர் இயக்கத்தின் பாணியையும் சோஷலிசத்தையும் சேர்த்துக்கொண்டது. 1929இல் தொடங்கிய ப்னே அகீவா சமயப் பற்றுள்ளது. சீருடை, முகாம், பெரியவர் சிறியவரை வழிநடத்தும் முறை எல்லாவற்றிலும் ஒன்றுதான். வேறுபாடு எங்கே என்றால், இவற்றுக்கு அரசியல் இலக்கு உண்டு. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவில் 1943இல் நடந்த எழுச்சிக்குத் தலைமை தாங்கிய மொர்தெகாய் அனியெலெவிச் ஹஷோமர் ஹட்ஸாயிரில் வளர்ந்தவர்.

சாரணர் சின்னத்தில் இருக்கும் லில்லிப் பூ கிறிஸ்தவச் சின்னம் இல்லையா?

திசைகாட்டியில் வடக்கைக் காட்டும் குறியிலிருந்து எடுத்ததாகத்தான் பேடன் பவல் விளக்கினார். யூதர்களுக்கும் லில்லி அந்நியமில்லை. பாரசீகர் ஆட்சிக் காலத்தில் யூதேயாவில் அடித்த பழைய வெள்ளிக்காசுகளில் லில்லி இருக்கிறது. இன்றைய இஸ்ரேலின் ஒரு ஷெக்கல் நாணயத்தில் இருப்பதும் அதே பூ. ட்சோஃபிம் சின்னத்தில் லில்லியோடு தாவீதின் நட்சத்திரமும் சேர்ந்திருக்கிறது.

பேடன் பவல் ஹிட்லரைப் புகழ்ந்தவராமே? யூதர்கள் எப்படி அவரை ஏற்றார்கள்?

1939இல் ஹிட்லரின் நூலைப் படித்துவிட்டு, கல்வி, உடல்நலம், அமைப்பு பற்றி நல்ல கருத்துகள் இருப்பதாகவும், அதிலுள்ள இலட்சியங்களை ஹிட்லரே கடைப்பிடிப்பதில்லை என்றும் அவர் நாட்குறிப்பில் எழுதியது உண்மை. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை, எனக்கும் அது வருத்தம்தான். அடுத்த ஆண்டு பிரிட்டனைப் பிடித்தால் கைது செய்ய நாஜிகள் வைத்திருந்த பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. ஜெர்மனியில் சாரணர் அமைப்புகளையே அவர்கள் ஒழித்துவிட்டார்கள்.

யூதப் பிள்ளைகள் ஏற்றது அவருடைய முறையை. முவாசாக்கில் அந்த முறை எதற்குப் பயன்பட்டது என்று மேலே பார்த்தோம்.

ட்சோஃபிம் என்பது ராணுவத்துக்கு ஆள் தயார் செய்வதுதானே?

வாராந்திர வேலை அப்படி இல்லை. நாலாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்தவர்கள் சின்னவர்களுக்கு வழிகாட்டிகளாகிறார்கள். அவர்களுக்கு 'மத்ரிக்', பெண்ணானால் 'மத்ரிகா' என்று பெயர். கிளைக்கு 'ஷெவெட்', அதாவது குலம். கோடை முகாமில் யூகலிப்டஸ் கம்பும் கயிறும் கொண்டு, ஆணியே இல்லாமல், சாப்பாட்டு மேசையிலிருந்து கோபுரம் வரை கட்டிவிடுவார்கள். பதினாறு வயதுப் பிள்ளை முப்பது குழந்தைகளுக்குப் பொறுப்பு.

ஆனால் அந்த நாட்டில் 18 வயதில் கட்டாய ராணுவ சேவை இருக்கிறது. பெரும்பாலோர் அதற்குத்தான் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து ராணுவத்தில் சேரும் இளைஞர்களுக்கென்று இந்த இயக்கமே 'கரின் ட்சபார்' என்ற திட்டத்தை நடத்துகிறது. அதனால் தொடர்பே இல்லை என்று சொன்னால் பொய். சேவைக்கு முன் ஓராண்டு ஏழைப் பகுதிகளில் தொண்டு செய்யப் போகிறவர்களும் இதே இயக்கத்திலிருந்து வருகிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வேறு நாட்டு யூதச் சாரணர்களை இதை வைத்து எடைபோடக் கூடாது. அந்த வேறுபாட்டை இரண்டாம் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்காவில் சில தொழுகைக்கூடங்கள் சாரணர் படையைக் கைவிட்டது ஏன்?

தன்பாலீர்ப்பாளர்களை ஒதுக்க அமெரிக்கச் சிறுவர் சாரணர் அமைப்புக்கு உரிமை உண்டு என்று 2000இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001இல் சீர்திருத்த யூத இயக்கத்தின் சமூக நீதிக் குழு, தன் தொழுகைக்கூடங்கள் படைகளை நடத்துவதை விட்டுவிடலாம் என்று பரிந்துரைத்தது. ஆசாரவாதிகள் அப்படிச் செய்யவில்லை. அந்தத் தடை சிறுவர்களுக்கு 2013இலும் தலைவர்களுக்கு 2015இலும் நீங்கியது. 2019இல் பெண் பிள்ளைகளும் படைகளில் சேர்ந்தார்கள், 2025இல் அமைப்பின் பெயரே 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' ஆயிற்று. விலகியவர்கள் தவறு செய்ததாக நான் நினைக்கவில்லை. தங்கள் பிள்ளைகளில் ஒருவனை வெளியே நிறுத்தும் இடத்துக்கு மற்ற பிள்ளைகளை அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை.

டொராண்டோவில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் படையில் ஒரு யூதப் பையன் சேர்ந்திருக்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அவன் வீட்டில் கேளுங்கள். ஒவ்வொரு வீடும் வேறு என்பதை மேலே பார்த்தோம். அவனுக்காக நீங்களாக ஒரு விரதத்தைக் கண்டுபிடிக்க வேண்டாம். ஆசாரம் பார்க்கிற வீடானால், வெள்ளிக்கிழமை இருட்டுவதற்கு வெகுமுன்னே அவன் முகாமில் இருக்கும்படி பயணத்தை வையுங்கள். புதுச் சட்டி ஒன்று வாங்கி அவன் பெயர் எழுதிவிடுங்கள். நம் சைவச் சாப்பாடு பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். நெய், தயிர் எல்லாம் பால் கணக்கில் சேரும் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். முதல் வருடம் கூட்டுப் பாசறைத் தீயைச் சனிக்கிழமை எட்டு மணிக்கு வைத்துவிட்டோம். வெயில்கூட இறங்கவில்லை. யூதப் படைப் பிள்ளைகள் தங்கள் கயிற்று எல்லைக்குள்ளேயே நின்று எங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குட்டி மட்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டினான். அடுத்த வருடம் நீண்ட விடுமுறை வாரம் பார்த்து ஞாயிறு இரவுக்கு மாற்றினோம்.

இன்னொன்று, அவன் கூடாரத்தில் பகலிலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வீணாக எரிகிறதே என்று யாரும் அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையே போட்டு வைத்தது அது. அணைந்தால் அவன் மறுபடி போட மாட்டான், போட்டுத் தரச் சொல்லி உங்களிடம் கேட்கவும் மாட்டான்.